நானோ வடிகட்டி எங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீருக்குத் தேவையா?

கேள்வி
எழுதியவர்: ஊற்றடி (கேத்திப் பள்ளத்தாக்கு)

வணக்கம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் 64 வீடுகள் கொண்ட ஒரு ஹட்டியில், அதாவது மலைச் சிற்றூரில், வசிக்கிறேன். எங்கள் மகளிர் குழுவின் கணக்கு வழக்கை நான்தான் எழுதி வருகிறேன். ஊருக்கு மேலே சீகை (வாட்டில்) மரக் காட்டின் ஓரத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. தாத்தா காலத்தில் அதைச் சுற்றிக் கல் அடுக்கித் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அந்தத் தொட்டியிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் சிமெண்டு டேங்கில் சேர்ந்து, காலையும் மாலையும் தெருக்குழாய்களில் வருகிறது. அந்நாளில் ஊற்றுக்கு மேலே வெறும் புல்வெளிதான் இருந்ததாம். இப்போது ஒரு பக்கம் தேயிலையும் மறு பக்கம் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஊற்றின் தலைமாடு வரைக்கும் ஏறிவிட்டன. அவற்றில் சில பாத்திகள் எங்கள் குடும்பத்துக்கே சொந்தமானவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆடி மழையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். மற்ற மாதங்களில் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். சென்ற மாதம் பஞ்சாயத்து மூலமாகக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினோம். கரைந்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 58 மில்லிகிராம் என்றும், புளிப்பைக் காட்டும் பி.எச். 6.2 என்றும், ஈ.கோலை கிருமி இருக்கிறது என்றும் அறிக்கை வந்தது. கிருமி பார்ப்பதற்கென்று குழுவுக்குக் கொடுத்திருந்த சிறு குப்பியிலும் தண்ணீர் பிடித்து, இங்குள்ள குளிருக்காக அடுப்பு மேடைக்கு மேலுள்ள பலகையில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது கரியைக் கரைத்து ஊற்றியதுபோல் கறுத்திருந்தது. கறுத்தால் கிருமி இருக்கிறது என்று பொருள்.

இந்தச் செய்தி பரவி ஒரு வாரம் ஆவதற்குள் ஒரு விற்பனையாளர் வந்து சேர்ந்தார். சமுதாயக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் எங்கள் ஊற்றுத் தண்ணீரையும் மற்றொன்றில் தம்முடைய கருவியில் வடிகட்டிய தண்ணீரையும் ஊற்றி, கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை இரண்டின் மேலும் கவிழ்த்து மின்சாரம் கொடுத்தார். இரண்டே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பச்சையும் பழுப்புமாக நுரைத்துச் சாக்கடைபோல் ஆகிவிட்டது. அவருடைய தண்ணீர் அப்படியே இருந்தது. "இவ்வளவு காலமாக நீங்கள் குடித்தது இதைத்தான்" என்று அவர் சொன்னதும் என் மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. பெட்டியைக் கவிழ்ப்பதற்கு முன் எங்கள் டம்ளரில் மட்டும் அவர் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைப் போட்டார். கேட்டதற்கு, சோதனை சீக்கிரம் முடிவதற்காக என்றார்.

தம்முடைய கருவி நானோ தொழில்நுட்பத்தில் இயங்குகிறது என்றும், கிருமி, பூச்சிமருந்து, கன உலோகம், உப்பு ஆகிய அனைத்தையும் நீக்கிவிடும் என்றும் சொல்கிறார். வீட்டுக்கு ஒன்று வாங்கினால் 9,000 ரூபாய். ஊர் டேங்குக்கே பொருத்துவதானால் நான்கரை இலட்சம் ரூபாய். குழுவின் சேமிப்பும் ஊர்ப் பொதுப் பணமும் சேர்ந்தால் டேங்குக்கு வாங்கிவிட முடியும். நானோ என்பது உண்மையிலேயே என்ன செய்கிறது, எங்கள் தண்ணீருக்கு அது பொருந்துமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் ஆடிக்குள் ஒரு முடிவுக்கு வருவோம்.


பதில்
எழுதியவர்: வேதியியல் வாத்தியார் (உதகை)

அம்மா, முதலில் அந்த வெள்ளைத் தூளைப் பற்றிப் பேசிவிடலாம். அது பெரும்பாலும் சமையல் உப்பாகத்தான் இருக்கும். அந்தப் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் அதன் வழியே மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி சிறிது சிறிதாகக் கரைந்து, முதலில் பச்சை நிறமாகவும், காற்றுப் பட்டதும் துருவின் பழுப்பு நிறமாகவும் மிதக்கும். நீங்கள் பார்த்த சாக்கடை கம்பியிலிருந்து வந்தது, ஊற்றிலிருந்து வரவில்லை. சமவெளியில் டி.டி.எஸ். 600, 800 என்று இருக்கும் ஊர்களில் இந்த வித்தை தானாகவே பலிக்கும். உங்கள் ஊற்றில் வெறும் 58தான் இருப்பதால் கம்பி கரைய மறுக்கிறது. அதனால்தான் அவருக்கு ஒரு சிட்டிகை தேவைப்பட்டிருக்கிறது. உப்பைப் பொறுத்தவரையில் உங்கள் தண்ணீர் எவ்வளவு நல்லது என்பதற்கு அவரே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் இந்த ஒருவரை வைத்து நானோ என்பதே ஏமாற்று என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோமீட்டர். பொருளை அவ்வளவு சிறிதாக்குவதில் என்ன இலாபம் என்றால், மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக நறுக்கிவிட்டால், எடை சிறிதும் கூடாமலேயே, மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராகிவிடும். சுண்டைக்காய் அளவுள்ள ஒரு பொருள் ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தின் பரப்புக்கு விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருக்கும் நச்சு ஒட்டுவதும் சிதைவதும் பொருளின் மேற்பரப்பில்தான் என்பதால், பரப்பு பெருகினால் வேலையும் பெருகுகிறது.

இந்தத் துறையில் நம் மாநிலத்திலேயே உலகம் கவனித்த வேலை நடந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டில் புட்டித் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக டெல்லியிலிருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட செய்தி நாட்டையே உலுக்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் நானோ துகள்கள் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்களைச் சிதைப்பதைக் கண்டறிந்தார்கள். அந்த வழியில் பூச்சிமருந்தை நீக்கும் வீட்டு வடிகட்டி 2007இல் சந்தைக்கு வந்தது. 2009 டிசம்பரில் டாடா நிறுவனம் நெல் உமிச் சாம்பலில் நானோ வெள்ளியைப் பதித்து, மின்சாரமே தேவைப்படாத வடிகட்டியை 1,000 ரூபாய்க்கும் குறைவாக விற்றது. அதன் வடிகட்டிக் குடுவை 3,000 லிட்டரை வடிகட்டும் வரை தாங்கும். 2013இல் பிரதீப் குழுவினர் இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் உலோக ஆக்சைடுகளையும் சேர்த்து மணல்போல் நெறுநெறுவென்று இருக்கும் ஒரு நானோ கலவையைப் பற்றி எழுதினார்கள். அதில் பதிக்கப்பட்ட வெள்ளி, கிருமியைக் கொல்லத் தேவையான அளவுக்கு மட்டும், குடிநீரில் அனுமதிக்கப்பட்ட லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டாமல், மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்குகிறது. இரும்பை வைத்துச் செய்த அதன் உறவுப்பொருள்தான் ஆர்சனிக்கை நீக்குவதற்கு இன்று பல மாநிலங்களில் பயன்படும் 'அம்ரித்'. பேராசிரியருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே சொன்ன ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பிட்ட அழுக்குக்கென்று செய்யப்பட்டது. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஆனால் உப்பைத் தொடாது. இரும்பு ஆக்சைடு ஆர்சனிக்கைப் பிடிக்கும், ஆனால் உங்கள் ஊற்றில் ஆர்சனிக் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. அது வங்காளத்துக் குழாய்க் கிணறுகளின் நோய். உப்பை நீக்குவது ஆர்.ஓ. சவ்வு. அது ஒரு குடம் கொடுப்பதற்குள் இன்னும் பல குடங்களைச் சாக்கடைக்கு அனுப்பும், 58 டி.டி.எஸ். உள்ள ஊற்றுக்கு அதை மாட்டுவது, மெலிந்தவனுக்குப் பட்டினி வைத்தியம் சொல்வதுபோல. எல்லாவற்றையும் நீக்கும் ஒரே நானோ பொருள் என்று யாராவது சொன்னால், அந்தப் பொருளின் பெயர் என்ன, எந்த நச்சை எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குக் குறைக்கும், எத்தனை லிட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டும், மாற்றிய பழைய வடிகட்டி உருளையை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் அறிக்கை காட்டும் நோய் கிருமி. அது போக, மழைக்காலத்தில் மண். இரண்டுக்கும் பழைய வைத்தியமே போதும். மண்ணோடு வரும் தண்ணீரை நானோ வடிகட்டிக்குள் விட்டால், அந்த ஒன்றரை ஏக்கர் பரப்பின் மேல் சேறு பூசி மெழுகியதுபோல் ஆகிவிடும். சீகை இலை ஊறித் தேநீர் நிறத்தில் இறங்கும் கசிவுநீரும் அப்படித்தான். அதிலுள்ள டானின் துகள்களைப் போர்வைபோல் மூடிவிடும். ஆகவே முதலில் மண் படியவும், பிறகு மணலில் வடியவும் வழி செய்யுங்கள், கடைசியில் குளோரின் போடுங்கள். பி.எச். 6.2 என்பது குளோரினுக்கு மிகவும் உகந்த நிலை என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிருமியை வலுவாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக அது நிலைத்திருப்பது இந்த இலேசான புளிப்பில்தான்.


பதில்
எழுதியவர்: வால்வு திறப்பவன் (கோத்தகிரி)

வாத்தியார் ஐயா சொன்னதற்கு மேல் எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் 19 ஆண்டுகளாக ஊராட்சி டேங்குகளுக்கு வால்வு திறந்து மூடுகிறவன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மழை பிடித்ததும் முதலில் வரும் தண்ணீரில்தான் மண்ணும் மருந்தும் மாட்டுச் சாணமும் சேர்ந்து இறங்கும். நான் பார்க்கும் ஊரில் ஊற்றுத் தொட்டியின் வாயிலேயே ஒரு வால்வு வைத்து, பெருமழை தொடங்கியவுடன் டேங்குக்குப் போகும் வழியை மூடிவிட்டு, தண்ணீர் தெளியும் வரையில் ஓடையிலேயே ஓடவிடுகிறோம். சில நாட்களில் ஆறு மணி நேரம்கூட மூடி வைக்க நேரிடும்; தண்ணீர் வரவில்லை என்று திட்டு வாங்குவதும் நடக்கும். டேங்கை முந்தைய நாளே நிரப்பி வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

இரண்டாவது, குளோரினுக்காகப் போடும் பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது கணக்கு. ஆனால் நம் மலை ஈரத்தில் மூட்டையைப் பிரித்து வைத்தால் ஒரே மாதத்தில் கட்டிதட்டி, வீரியம் போய், வெறும் சுண்ணாம்பாகிவிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், சிறிது சிறிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தூளை அப்படியே டேங்கில் கொட்டாமல், வாளியில் கரைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். போட்டோம் என்பது முக்கியமில்லை. ஊரின் கடைக்கோடி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தை விட்டால் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அங்கே மிஞ்சியிருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.


எழுதியவர்: ஊற்றடி

இருவருக்கும் மிக்க நன்றி. உப்பு விஷயத்தை இரவே குழுவில் சொன்னேன். மாமியாருக்குத்தான் முதலில் சொன்னேன். கிருமிக்கும் மண்ணுக்கும் வழி தெரிந்துவிட்டது. ஆனால் எங்களுக்குள் பயம் முழுவதும் பூச்சிமருந்தைப் பற்றியதுதான். கேரட்டுக்கும் கிழங்குக்கும் எவ்வளவு அடிக்கிறோம் என்பது அடிக்கிற எங்களுக்கே தெரியும். ஆய்வக அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மணலும் குளோரினும் அதற்கு உதவாது என்றால், அங்கேயாவது நானோ தேவைப்படாதா?


பதில்
எழுதியவர்: வேதியியல் வாத்தியார் (உதகை)

நியாயமான கேள்வி. வழக்கமான குடிநீர் அறிக்கையில் பூச்சிமருந்து வராததற்குக் காரணம், அதற்கு கேஸ் குரோமட்டோகிராஃப் போன்ற கருவியும் தனிக் கட்டணமும் தேவைப்படுவதுதான். எந்த மருந்து என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டால் மட்டுமே அவர்களும் தேட முடியும். ஆகவே முதல் வேலை, ஊற்றுக்கு மேலுள்ள பாத்திகளில் ஓராண்டில் என்னென்ன வாங்கி அடிக்கப்படுகிறது என்று, யார் மேலும் பழி போடாமல், ஒரு பட்டியல் எடுப்பது. காலி டப்பாக்களின் மேலுள்ள பெயர்களைப் பார்த்து எழுதினாலே போதும்.

எல்லா மருந்தும் ஒரே வழியில் ஊற்றுக்கு வருவதில்லை. குளோர்பைரிபாஸ் தண்ணீரில் லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம்தான் கரையும்; அது மண் துகளில் ஒட்டிக்கொண்டு, செம்மண் தண்ணீரோடு சேர்ந்துதான் இறங்குகிறது. ஆகவே மண்ணைத் தடுத்தால் அதில் பெரும்பகுதியைத் தடுத்ததாக ஆகும். வால்வுக்கார நண்பர் ஆறு மணி நேரம் மூடி வைக்கிறாரே, அவர் தமக்குத் தெரியாமலேயே பூச்சிமருந்தையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். தேயிலையில் அடிக்கும் கிளைஃபோசேட் நன்றாகக் கரையும் என்றாலும், நம் செம்மண்ணில் நிறைந்திருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதை இறுகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நான் அஞ்சுவது கார்போஃப்யூரானைப் பற்றித்தான். 1961இல் நீலகிரியில் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது; பிற்காலத்தில் அதற்கெதிராக இந்தக் குருணை மருந்தை நம்மவர்கள் மண்ணில் இட்டு வந்திருக்கிறார்கள். அது லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கரையக்கூடியது. காரமான தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும், ஆனால் உங்கள் ஊற்றைப்போல் புளிப்பான தண்ணீரில் நெடுநாள் நிற்கும். தெளிந்த தண்ணீரில்கூட அது இருக்கலாம்.

அதற்கு நானோ தேவையா என்றால், முதலில் சிரட்டைக் கரியைப் பாருங்கள். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கிளர்வூட்டிய கரியில் பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்கும் குறைவானவை. ஒரு கிராம் கரிக்குள் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் பரப்பு மடிந்து கிடக்கிறது. கார்போஃப்யூரான், குளோர்பைரிபாஸ் இரண்டையும் அது உறிஞ்சும். இந்தச் சொல் பிறப்பதற்கு வெகு முன்பே இருந்த நானோ பொருள் அது, விளம்பரம்தான் கிடைக்கவில்லை. வெள்ளித் துகளோடு இதற்குள்ள வேறுபாடு, கரி நச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிரச் சிதைக்காது. நிறைந்தபின் மாற்றாமல் விட்டால் பிடித்ததைத் திரும்பவும் தண்ணீரில் விடக்கூடும். குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீருக்கு மட்டும் வீட்டளவில் இதை வைத்துக்கொள்ளலாம். குளிக்கிற தண்ணீரையும் துணி துவைக்கிற தண்ணீரையும் இதற்குள் செலுத்துவது வீண்.

வெயிலில் வேலை செய்யும் டைட்டானியம் டை ஆக்சைடைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் உலகுக்குக் காட்டிய அந்த வினை அழகானது. புற ஊதாக் கதிர் வேண்டும் என்பதுதான் சிக்கல். ஜூலை மாதத்துக் கேத்தியில் சூரியனைப் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

மணல் படுகையின் அளவையும் கணக்கிட்டுப் பார்த்தேன். 64 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் 14,080 லிட்டர். மெதுமணல் படுகையில் மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் தண்ணீர் இறங்கினால், 6 சதுர மீட்டர் பரப்பு போதும். பத்தடிக்கு ஆறரை அடி, ஒரு மாட்டுக்கொட்டகையைவிடச் சிறியது. உள்ளே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குக் கழுவிய நுண்மணல் வேண்டும். முதல் சில வாரங்களில் மணலின் மேல் ஒரு வழவழப்பான படலம் வளரும். அழுக்கு என்று நினைத்து அதைச் சுரண்டிவிடாதீர்கள், கிருமிகளைத் தின்று தீர்ப்பது அந்தப் படலம்தான். தண்ணீர் இறங்குவது மிகவும் மந்தமான பிறகுதான் மேலே ஓரிரு சென்டிமீட்டர் மணலை வழித்தெடுக்க வேண்டும். லண்டனில் 1829இல் சிம்ப்சன் என்பவர் இதை ஊருக்கே கட்டிக் கொடுத்தார். கலெக்டர் சல்லிவன் இங்கே ஊட்டி ஏரியை உண்டாக்கிய அதே பத்தாண்டு. ஏரி கோடப்பமந்து கால்வாயின் சாக்கடையை வாங்கிக்கொண்டு எந்த நிலைமையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். மணல் படுகை மட்டும் இன்றைக்கும் உலகெங்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது.


பதில்
எழுதியவர்: பாம்பார் சோலை (கொடைக்கானல்)

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். நானோ உண்மையிலேயே தேவைப்படும் ஒரு நச்சோடு வாழ்கிற ஊர் எங்களுடையது என்பதால் இந்த விவாதத்தில் சேர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊரில் 1980களில் தொடங்கப்பட்டு 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய இரும்புக் கடை வரைக்கும் போயிருந்தன. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எங்கள் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்ததாகவும், பேரிஜம், கூக்கால் ஏரிகளில் அது கணிசமாகக் குறைவு என்றும் காட்டியது.

அந்த எண்ணைப் படித்தபோது நான் முதலில் ஆறுதல் அடைந்தேன். குடிநீரில் அனுமதிக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1,000 நானோகிராம்; ஏரித் தண்ணீர் அதற்குள்தான் இருக்கிறது. பிறகுதான் விளங்கியது. அடிச்சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீரை மட்டும் அளந்து பார்த்தவர் தைரியமாக ஏரி மீனைப் பொரித்துத் தின்றுகொண்டிருப்பார்.

பாதரசத்தைத் தண்ணீரிலிருந்து பிடிப்பதற்கு நல்ல நானோ பொருட்கள் இருக்கின்றன. கந்தகம் கலந்த மூலக்கூறுகளைச் சிலிக்காவின் நுண்துளைகளுக்குள் வரிசையாக நட்டு, அவற்றால் பாதரசத்தைக் கவ்விப் பிடிக்கும் பொருளை அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தார் 1997இல் அறிவித்தார்கள். வெள்ளித் துகளும் பாதரசத்தைப் பிடிக்கும்; தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து முலாம் பூசிய பழைய தட்டார்களுக்கு இந்த உறவு புதிதல்ல. ஆனால் இந்தப் பொருட்கள் எல்லாம் தம்மைத் தேடி வரும் தண்ணீரைத்தான் சுத்தம் செய்யும். ஏரியின் அடியில் கிடக்கும் சேறு எந்த வடிகட்டிக்கும் நடந்து வராது. எங்கள் சோலை மண்ணில் இலைமக்கு அதிகம். பாதரசம் அதோடு பிணைந்து கிடக்கிறது. மண்ணைத் தோண்டிக் கழுவுவது என்பது முற்றிலும் வேறு வேலை, வேறு செலவு, வேறு சண்டை.

சகோதரி ஊற்றடிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயத்தில் நானும் ஒரு நானோ வடிகட்டி வாங்கினேன். ஓராண்டு கழித்து உருளையை மாற்றியபோது, பழையதை என்ன செய்வது என்று விற்ற கடையில் கேட்டேன். குப்பையில் போடுங்கள் என்றார்கள். நச்சைப் பிடிப்பதற்காகவே வாங்கியதை, பிடித்தபிறகு சோலைக்குப் பக்கத்துக் குப்பைமேட்டில் எப்படிப் போடுவது? இதுவரை மூன்று உருளைகள் சேர்ந்துவிட்டன. பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுப்பட்டை சுற்றி, படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெள்ளி என்பதும் மீனுக்கும் தவளைக்கும், கழிவுத்தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கும் ஆகாத பொருள்தான். உங்கள் ஓடைகள் பவானிக்கு இறங்குகின்றன. நீங்கள் கழற்றி எறிவதைக் கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வாத்தியார் சொன்ன கேள்விகளில் கடைசியானதை முதலில் கேளுங்கள்.


எழுதியவர்: ஊற்றடி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். விற்பனையாளர் முன்பணம் வாங்குவதற்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தார். சோதனையை இன்னொரு முறை காட்டும்படி கேட்டுக்கொண்டோம். இந்த முறை இரண்டு டம்ளரிலும் நானே தண்ணீர் ஊற்றி, மேலே என் கையை வைத்து மூடிக்கொண்டேன். தூள் வேண்டாம், எங்களுக்கு அவசரமில்லை, காத்திருக்கிறோம் என்று மாமியார் சொன்னார். ஐந்து நிமிடம் ஆகியும் எங்கள் தண்ணீரில் இலேசான மஞ்சள் நிறம் மட்டுமே வந்தது. ஹட்டியில் மின்சாரம் சரியில்லை என்று சொல்லிப் பெட்டியை மூடினார். பழைய உருளையைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று எழுதிக் கொடுத்த தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பதில் இன்னும் வரவில்லை.

படிவுத்தொட்டிக்கும் மணல் படுகைக்கும் சேர்த்து ஒரு மேஸ்திரியிடம் மதிப்பு கேட்டிருக்கிறோம். ஊற்றின் வாயில் வால்வு போட்டாகிவிட்டது. மருந்துப் பட்டியல் எடுக்கப் போனபோது முதல் இரண்டு வீடுகளில் யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டுக் கொட்டகையிலிருந்த காலி டப்பாக்களை எடுத்துவந்து கூடத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தேன். மாலைக்குள் பதினொரு பெயர்கள் சேர்ந்துவிட்டன. வாத்தியார் ஐயா அஞ்சிய குருணையும் அதில் இருக்கிறது. கிழங்குக்கு அடுத்த முறை அதை இட்டு முதல் மழை பெய்த மறுநாள், தண்ணீர் தெளிந்தபிறகு, மாதிரி எடுத்து அனுப்பலாம் என்றிருக்கிறோம். எந்த மாதிரிப் பாட்டிலில் எடுக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்
எழுதியவர்: வேதியியல் வாத்தியார் (உதகை)

அம்பர் நிறக் கண்ணாடிப் பாட்டில், ஒரு லிட்டர், கழுத்து வரை நிரப்பி, காற்று இடம் விடாமல் மூடுங்கள்; பிளாஸ்டிக் வேண்டாம், சில மருந்துகள் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் பாருங்கள். இரண்டு பாட்டில்கள் எடுங்கள்: ஒன்று ஊற்றின் வாயில், இன்னொன்று கடைக்கோடி வீட்டுக் குழாயில்.